வயிற்றுவலிக்காரர்

எங்கள் சின்ன மாமாவுக்கு முகம் முழுக்க அம்மைத் தழும்பு. ஆறு வயதில் பெரியம்மை கண்டு, வேப்பிலை மேல் கிடந்து பிழைத்தவர். பெண் பார்க்கப் போன நாலு வீட்டிலும் பலகாரம் வந்தது, பதில்தான் வரவில்லை. ஐந்தாவது வீட்டுக்கு வர மாட்டேன் என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சமயத்தில்தான் நாகேஷ் படங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

“அவன் மூஞ்சியையே அத்தாம்பெரிய தெரையில காட்றாங்க. எம் மூஞ்சிக்கு என்னடா கண்ணு கொறச்சல்?” என்பார் மாமா.

1966 ஆவணியில் அவருக்குக் கல்யாணம் ஆனது. அதற்குக் காரணம் நாகேஷ் என்று நான் சொல்லவில்லை. மாமா சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு நாகேஷ் மேல் ஒரு பாத்தியதை உண்டு. அவர் தாராபுரத்துக்காரர். அமராவதிக் கரையில் இருக்கும் கொளிஞ்சிவாடி அவருடைய ஊர். எங்கள் ஊர் அங்கிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம். வீட்டில் கன்னடம் பேசும் மாத்வ குடும்பம். அப்பா கிருஷ்ண ராவுக்கு மைசூர்ப் பக்கம் அரசிக்கெரேயில் ரயில்வே உத்தியோகம். பிள்ளைக்கு வைத்த பெயர் நாகேஸ்வரன், கூப்பிட்ட பெயர் குண்டப்பா. காற்றடித்தால் பறந்துவிடுகிற அந்த உடம்புக்குக் குண்டப்பா! கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. வீட்டுக்குள்ளேயே யாருக்கோ நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது.

அம்மைத் தழும்பு அவருக்கு இளம் வயதிலேயே வந்துவிட்டது. வீட்டை விட்டுக் கிளம்பிப் போய் ஐதராபாத்தில் ரேடியோ கடை, ஊறுகாய்க் கடை, மில் என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார். அப்புறம் சென்னையில் ரயில்வே குமாஸ்தா. இதெல்லாம் பல பேர் எழுதிவிட்டார்கள், நான் நீட்டப்போவதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ரயில்வே ஆபீசில் நடந்த ஒரு விஷயம்.

ஊழியர்கள் சேர்ந்து ஒரு ராமாயண நாடகம் போட்டிருக்கிறார்கள். நாகேஷ் கீழே உட்கார்ந்து பார்த்திருக்கிறார். இவர்களை விட நான் நன்றாக நடிப்பேனே என்று தோன்றியிருக்கிறது. இந்த இடம் வரை நம்மில் பாதிப்பேர் வந்திருப்போம். ஆபீஸ் நாடகம் பார்த்துவிட்டு அப்படி நினைக்காத குமாஸ்தா கிடையாது. நாகேஷ் மட்டும் அதிகாரியிடம் போய் எனக்கும் வேஷம் கொடுங்கள் என்று கேட்டார். கொடுத்தார்கள். அடுத்த நாடகத்தில் வயிற்றுவலிக்காரர் வேஷம்.

நாடகத்தில் வயிற்றுவலிக்காரர் என்றால் என்ன பொருள் என்பது மேடை ஏறியவர்களுக்குத் தெரியும். கதைக்கு அவர் தேவையில்லை. டாக்டர் என்று ஒருவர் இருப்பதால் நோயாளி என்று ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். வருவார், வலிக்கிறது என்பார், மருந்து வாங்கிக்கொண்டு போவார். எந்த ஆபீசிலும் அந்த வேஷத்தை யாருக்குக் கொடுப்பார்கள் என்றால், கேட்டுக்கேட்டுத் தொல்லை பண்ணுகிற புதுப்பையனுக்கு.

அந்த நாடகத்துக்குத் தலைமை தாங்க வந்தவர் எம்.ஜி.ஆர். கடைசியில் பேச எழுந்தவர், நாயகனை விட்டுவிட்டு வயிற்றுவலிக்காரரைப் பாராட்டிப் பேசினார். அத்தனை பேர் பக்கம் பக்கமாக வசனம் பேசிய மேடையில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு ஒல்லிப் பையன்தான் அவர் கண்ணில் நின்றிருக்கிறான். நாயகனாக நடித்த அந்த ஊழியர் அன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போய் என்ன சாப்பிட்டிருப்பார் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு.

நானும் ஆபீஸ் நாடகக்காரன். 1982இல் சென்னைக்கு வந்து ஒரு அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். மனமகிழ் மன்றம் என்று ஒன்று இருந்தது. பெயர்தான் அப்படி. கேரம் போர்டுக்கும் நாடகத்துக்கும் ஒரே அறை. அஞ்சரை மணிக்கு ஆபீஸ் முடிந்து, கேண்டீனில் மிச்சமிருக்கும் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, டிபன் பாக்ஸை ஜன்னலோரம் வரிசையாக வைத்துவிட்டு ஒத்திகை தொடங்கும். எட்டரைக்கு வாட்ச்மேன் வந்து விளக்கை ஒரு தரம் அணைத்துப் போடுவார். கிளம்புங்கள் என்று அதற்குப் பொருள்.

1985 ஆண்டு விழாவில் எனக்குக் கிடைத்தது ஹோட்டல் சர்வர் வேஷம். இரண்டு வரி வசனம். நாயகனும் நாயகியும் பேசிக்கொண்டிருக்கும் மேஜைக்குக் காபி கொண்டுபோய் வைக்க வேண்டும். எனக்கா சும்மா இருக்க முடியும்? தாராபுரத்துக்காரன் இல்லையா? ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் நாகேஷ் டம்ளர்களை அடுக்கிக்கொண்டு வருவாரே, அது மாதிரி செய்வதாக டைரக்டரிடம் சொன்னேன். டைரக்டர் எங்கள் பிரிவு சூப்பிரண்டு. “மேடையை ஈரம் பண்ணாம இருந்தாச் சரி” என்றார்.

திருவல்லிக்கேணியில் நான் சாப்பிட்ட மெஸ்ஸில் ஒரு வயதான சர்வர் இருந்தார். பாலக்காட்டுப் பக்கம். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். மத்தியானக் கூட்டம் ஓய்ந்த பிறகு பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். முதலில் டம்ளரைக் கொடுக்கவே இல்லை. இடது கையை மடக்கி நீட்டச் சொன்னார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு பலகை மாதிரி நிற்க வேண்டும், ஆனால் தோள் இறுகக் கூடாது. அது வந்த பிறகு நாலு டவரா. அப்புறம் அதன் மேல் நாலு டம்ளர். நான் டம்ளரையே பார்த்துக்கொண்டு நடந்தேன். அவர் தலையில் ஒரு தட்டு தட்டினார்.

“தம்பி, கண்ணு டம்ளர்ல வெச்சா விழுந்துரும். போற டேபிளைப் பாரு. கைக்குத் தெரியும்.”

பத்து நாள் பழகினேன். ஒன்பது டம்ளர் வரைக்கும் தேறியது. விழா அன்றைக்குப் பன்னிரண்டு அடுக்கினேன். ஏன் என்று கேட்காதீர்கள். முதல் வரிசையில் சூப்பிரண்டு வீட்டம்மா உட்கார்ந்திருந்தார். மேடையில் விரித்திருந்த ஜமுக்காளத்தின் மடிப்பில் கால் இடறி, பன்னிரண்டும் போயின. எவர்சில்வர் டம்ளர் உருளும் சத்தம் ஒரு அரங்கத்தில் எவ்வளவு நேரம் கேட்கும் தெரியுமா? கடைசி டம்ளர் படியில் ஒவ்வொன்றாக இறங்கி அந்த அம்மாவின் காலடியில் போய் நின்றது. அந்த நாடகத்தில் ஜனங்கள் சிரித்த ஒரே இடம் அதுதான். அது சோக நாடகம். அடுத்த வருடம் எனக்குத் திரை இழுக்கும் வேலை கொடுத்தார்கள்.

இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு டம்ளருக்கு அப்புறம்தான் நான் நாகேஷை ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன். அதுவரைக்கும் அவர் சேட்டை பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் எங்கே சேட்டை பண்ணினார்? போகிற மேஜையைப் பார்த்துக்கொண்டு அல்லவா நடந்தார்.

ரயில்வே நாடகத்துக்கு அப்புறம் அவருக்கு நாடக வாய்ப்புகள் வந்தன. ‘டாக்டர் நிர்மலா’ என்று ஒரு நாடகம். அதிலும் பாருங்கள், நோயாளி வேஷம். பாத்திரத்தின் பெயர் தை தண்டபாணி. தை, தை என்று மேடை முழுக்கக் குதிப்பாராம். அதனால் தை நாகேஷ் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. அதை ஆங்கிலத்தில் எழுதினார்கள், ஆங்கிலத்தில் படித்தவர்கள் தாய் நாகேஷ் ஆக்கிவிட்டார்கள். குண்டப்பா, தை, தாய் என்று அந்த மனிதருக்கு வாய்த்த பெயர்களில் ஒன்றுகூட அவருடைய தோற்றத்துக்குப் பொருந்தவில்லை.

தியாகராய நகரில் கிளப் ஹவுஸ் என்ற விடுதி. அங்கே அவரோடு தங்கியிருந்தவர்களில் ஒருவர் ஸ்ரீகாந்த். பகலில் அமெரிக்கத் தூதரக அலுவலகத்தில் வேலை, சாயங்காலம் நாடகம். பிற்பாடு ‘வெண்ணிற ஆடை’யில் நாயகனாக வந்தவர். இன்னொருவர், பாட்டெழுத வாய்ப்புத் தேடி ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த வாலி. கையில் காசிருப்பவன் சாப்பாடு வாங்கித் தருவது என்ற முறையில் அந்த அறை ஓடியிருக்கிறது. சம்பளம் வாங்கிய நாகேஷ் வாலியைப் பட்டினி போடவில்லை என்பதை வாலியே நன்றியோடு பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கம் கே. பாலசந்தர், ஏ.ஜி.எஸ். ஆபீஸ் என்ற அரசுக் கணக்கு அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே நாடகம் எழுதிக்கொண்டிருந்தார். எல்லோரும் அஞ்சரை மணிக்கு மேல் உயிர் பெறுகிறவர்கள். எனக்கு இவர்களைப் பிடிப்பதற்கு இதுவே போதும்.

1959இல் ‘தாமரைக்குளம்’ முதல் படம். அதைப் பார்த்துவிட்டு ஊர் ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று வருடம் கழித்து ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’. ஒரே ஒரு ஆஸ்பத்திரி செட்டுக்குள் எடுத்த படம். காதலித்தவளின் கணவனுக்கு ஆபரேஷன் செய்ய வேண்டிய டாக்டரின் கதை. படம் பூராவும் அழுகை. அதில் நாகேஷ் வார்டு பாய். மூச்சு விட இடம் வேண்டும் என்பதற்காக வைத்த பாத்திரம். ஜனங்கள் அந்த மூச்சைத்தான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்.

1964 அவருடைய வருடம். ‘காதலிக்க நேரமில்லை’யில் சினிமா எடுக்கிறேன் என்று அலையும் செல்லப்பா. அப்பாவாக வரும் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் அந்த இடத்தைத் தெரியாத தமிழர் இருக்க முடியாது. ஆனால் அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது மாமாதான். நாகேஷ் வாயாலேயே காற்றையும் கதவையும் காலடியையும் கொண்டுவந்துகொண்டிருப்பார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருப்பேன். “பாலையாவப் பாருடா” என்பார் மாமா. பாலையா ஒன்றும் செய்ய மாட்டார். உட்கார்ந்திருப்பார். முகத்தில் மட்டும் ஒவ்வொரு விளக்காக அணைந்துகொண்டே வரும். இப்போது யோசித்தால், நாகேஷின் கெட்டிக்காரத்தனம் சத்தம் போட்டதில் இல்லை. பாலையா பயப்படுவதற்கு நேரம் விட்டு விட்டுச் சத்தம் போட்டார். எதிரில் இருப்பவருக்கு இடம் கொடுத்தால் நம் இடம் போய்விடும் என்று பயப்படாத நடிகர் கொஞ்சம் பேர்தான்.

அதே வருடக் கடைசியில் ‘சர்வர் சுந்தரம்’. பாலசந்தர் எழுதி நாகேஷ் நடித்த நாடகம் அது. ஏவி.எம். வாங்க, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கினார்கள். சர்வர் ஒருவன் சினிமா நடிகனாகிப் பேரும் பணமும் சம்பாதிக்கிற கதை. அவன் ஆசைப்பட்ட பெண்ணுக்கு மட்டும் அவன் மேல் ஆசை இல்லை. அந்தப் படத்தில் ஒரு பாட்டுப் பதிவையே காட்டுவார்கள். விஸ்வநாதனும் டி.எம். சௌந்தரராஜனும் திரையில் வருவார்கள். ‘அவளுக்கென்ன அழகிய முகம்’. எழுதியவர், அதே கிளப் ஹவுஸ் வாலி. அழகிய முகம் என்ற பாட்டை, அம்மைத் தழும்பு முகத்தை வைத்துக்கொண்டு படமெடுத்தார்கள், அது ஓடியது. எங்கள் மாமா அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தார் என்ற கணக்கு அத்தைக்குக்கூடத் தெரியாது.

‘திருவிளையாடல்’ 1965. தருமியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது. சிவாஜி அந்தக் காட்சியை ஒரு அடி வெட்டக் கூடாது என்று சொன்ன கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும், விட்டுவிடுகிறேன். எனக்கு ஏழு வயது இருக்கும்போது டூரிங் டாக்கீஸில் மாமா தோள் மேல் உட்கார்ந்து பார்த்தேன். மணல் தரையில் உட்கார இடமில்லை. ஆயிரம் பொற்காசு அறிவிப்பைக் கேட்டுவிட்டு, கோயிலில் தனியாகப் புலம்புவாரே, அங்கே சிவன் இன்னும் வரவில்லை. எதிரில் ஆளே இல்லை. தூண்தான் இருக்கிறது. முதுகு கொஞ்சம் வளைந்திருக்கும். கை இரண்டும் பிச்சைக்கு நீள்வதா, சண்டைக்கு நீள்வதா என்று தீர்மானிக்க முடியாமல் பாதியில் நிற்கும். ஏழை அப்படித்தான் நிற்பான். கடன் கேட்கப் போன வீட்டு வாசலில் எங்கள் அப்பா அப்படி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் மற்றவர்கள் சிரித்தபோது எனக்கு அங்கே முழுதாகச் சிரிக்க வரவில்லை. மாமாவுக்கு அது தெரிந்ததோ என்னவோ, என் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அதே 1965இல் பாலசந்தர் முதன்முதலாக இயக்கிய ‘நீர்க்குமிழி’. நாகேஷ்தான் நாயகன். மறுபடியும் ஆஸ்பத்திரி! இந்தத் தடவை புற்றுநோய். தான் சாகப்போவது தெரியாமல் வார்டையே கலகலவென்று வைத்திருக்கும் சேது. ரயில்வே நாடகத்தில் வயிற்றுவலியோடு உள்ளே வந்த மனிதர், வார்டு பாயாக வேலை பார்த்து, கடைசியில் அங்கேயே நாயகனாகப் படுத்துவிட்டார். மூன்று வருடம் கழித்து வந்த ‘எதிர்நீச்சல்’ மாடிப்படி மாதுதான் பெரிது என்பார்கள் பலர். இருக்கலாம். என் ஓட்டு சேதுவுக்கு.

எம்.ஜி.ஆர்., சிவாஜி, ஜெமினி, யார் படமானாலும் நாகேஷ் இருந்த காலம் அது. ஒரே நாளில் இந்த ஸ்டுடியோவிலிருந்து அந்த ஸ்டுடியோவுக்கு ஓடிக்கொண்டிருந்தார். ‘தில்லானா மோகனாம்பாள்’ வைத்தியை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அந்த ஆளைப் பார்த்தால் இன்றைக்கும் செருப்பைக் கழற்றத் தோன்றும். அதுவும் அவருக்கு வெற்றிதான். அப்புறம் கொஞ்ச காலம் வாய்ப்புக் குறைந்தது, குடி, குடும்பக் கஷ்டம் என்று பத்திரிகைகள் எழுதின. அதில் எனக்கு ருசியில்லை. 1989இல் ‘அபூர்வ சகோதரர்க’ளில் வில்லனாக வந்தார். 1994இல் ‘நம்மவர்’ படத்துக்குச் சிறந்த துணை நடிகர் தேசிய விருது. 35 வருடம் நடித்த பிறகு, துணை நடிகர் என்று கொடுத்தார்கள். சரி, அதுவாவது கொடுத்தார்களே. 2009 ஜனவரி 31 அன்று காலமானார்.

நான் முடிக்க நினைப்பது அந்த 1994இலேயே வந்த இன்னொரு படத்தோடு. ‘மகளிர் மட்டும்’. அதில் நாகேஷுக்குப் பிண வேஷம். வசனம் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் மாறித் தூக்கிக்கொண்டு வரும் பிணம். உட்கார வைப்பார்கள், சாய்ப்பார்கள், தள்ளுவார்கள். கண்ணைத் திறந்தால் காட்சி போச்சு. தான் சிரிக்காமல் இருப்பது எல்லா நடிகர்களும் செய்வதுதான். தான் இல்லாமலே இருந்துகொண்டு சிரிக்க வைப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது மாமாவைத் தாராபுரத்துக்கு அழைத்துப்போய் அந்தப் படத்தைக் காட்டினேன். அப்போது மாமாவுக்கு அறுபதை ஒட்டி வயது. கண்ணில் புரை வேறு. அதனால் முன் வரிசையில் உட்கார்ந்தோம். பிணம் வந்ததும் தியேட்டரே சிரிப்பில் அதிர்ந்தது. மாமா சிரிக்கவில்லை. என் தொடையைத் தட்டினார்.

“டேய் கண்ணு, வயிறு அசையுதா பாரு.”

“என்ன மாமா?”

“மூச்சு உடோணுமில்ல. வயிறு அசையோணும். எனக்குச் செரியாத் தெரியல, நீ பாத்துச் சொல்லு.”

பார்த்தேன். நாலு பேர் சேர்ந்து இழுக்கிறார்கள், தலை இந்தப் பக்கம் தொங்குகிறது, கை அந்தப் பக்கம் விழுகிறது. நான் வயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அசையற மாதிரி இல்லைங்க மாமா.”

“நல்லாப் பாரு” என்றார்.